திருமணத்துக்கு நேரடிப் பியானோ இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமணத்தில் ஒருவர் நேரில் உட்கார்ந்து பியானோ வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களும், வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களும் வழக்கமாகக் கேட்பவை இவை. எந்தப் பாட்டு என்பதைவிட நேரக்கணக்கு, கருவி, அது நிற்கும் இடம் ஆகியவற்றுக்கே இங்கே அதிக வரிகள் போயிருக்கின்றன. சொதப்பல் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

பதிவு செய்த பாட்டைப் போட்டாலே போதாதா?

பல கட்டங்களில் போதும். எல்லோரும் எழுந்து ஆடும் நேரத்துக்குப் பதிவு இசைதான் சரி. ஒற்றைப் பியானோவால் அந்த அதிர்வைத் தர முடியாது. நேரில் வாசிப்பவரின் பலம் வேறு. அவரால் பாட்டை நீட்டவும் சுருக்கவும் முடியும். மணமகள் வாசல்வரை வந்துவிட்டு உடையைச் சரிசெய்ய ஒரு நிமிடம் நின்றால், அவர் அதே பகுதியை இன்னொரு சுற்று வாசித்துக்கொண்டிருப்பார். நினைத்ததைவிடச் சீக்கிரம் மேடைக்கு வந்துவிட்டால், அடுத்த வரியிலேயே அழகாக முடித்துவிடுவார். பதிவு என்றால் யாராவது ஒருவர் ஒலியைத் திடுமென்று குறைக்க வேண்டும். அது எல்லோர் காதிலும் விழும்.

இந்த நெகிழ்வுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். “பதிவில் இருப்பது மாதிரியே ஒரு சுரம்கூட மாறாமல் வேண்டும்” என்பதுதான் உங்கள் எதிர்பார்ப்பு என்றால், பதிவையே போட்டுவிடலாம். செலவு மிச்சம்.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் பாட்டுப் பட்டியல் போட வேண்டுமா?

வேண்டாம். முதலில் நிகழ்ச்சியின் கட்டங்களை எழுதுங்கள்: விருந்தினர் வந்து அமரும் நேரம், மணமக்கள் நுழைவது, சடங்குக்கு இடையில் அமைதியாக நகரும் நிமிடங்கள், கையெழுத்திடுவது, மணமக்கள் ஜோடியாக வெளியேறுவது, புகைப்பட நேரம், விருந்து. ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு விஷயம் மட்டும் குறியுங்கள்: எத்தனை நிமிடம், அப்போது கூட்டம் பேசிக்கொண்டிருக்குமா கேட்டுக்கொண்டிருக்குமா.

இரண்டாவது குறிப்புதான் பாட்டைத் தீர்மானிக்கிறது. கூட்டம் பேசும் நேரத்தில் உங்களுக்கு மிகப் பிடித்த பாட்டை வைத்தால், அது யார் காதிலும் விழாமல் போகும். கேட்கும் நேரம் என்பது ஒரு திருமணத்தில் மொத்தமாகப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் இருக்கும். நுழைவு, கையெழுத்து, வெளியேற்றம், அவ்வளவுதான். உங்கள் மனசுக்கு நெருக்கமான மூன்று நான்கு பாடல்களை அங்கே வையுங்கள். மீதி இரண்டரை மணி நேரத்தை வாசிப்பவரின் கையில் விட்டுவிடலாம். இன்ன மாதிரி வேண்டும், இன்னது வேண்டாம் என்று சொன்னால் போதும்.

நுழைவுப் பாட்டுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பெரும்பாலோர் ஏமாறும் இடம் இது. பாட்டு நான்கு நிமிடம் ஓடும், நடை அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

கணக்கு எளிது. வாசலிலிருந்து மேடைவரை உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 15 மீட்டர் என்று வைப்போம். மெதுவான நடையில் ஓர் அடி சுமார் 50 சென்டிமீட்டர். ஆக 30 அடிகள். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 60 தட்டு என்றால், ஒரு தட்டுக்கு ஓர் அடி வைத்தால் 30 விநாடி. இரண்டு தட்டுக்கு ஓர் அடி வைத்தால் ஒரு நிமிடம். அதற்குமேல் மெதுவாக நடந்தால் தடுமாறுவது போலத் தெரியும்.

இப்போது பாட்டைப் பாருங்கள். நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்றை ‘பார்’ என்பார்கள். அதே வேகத்தில் 8 பார் வாசிக்க 32 விநாடி ஆகும். பல பாடல்களில் முன்னிசையே 8 பார். பல்லவி வருவதற்குள் மணமகள் மேடையில் நின்றுவிடுவார். எந்தப் பாட்டு என்றே யாருக்கும் தெரியாது. ஆகவே முன்னிசையை வெட்டிவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த வரியிலிருந்து நேரே தொடங்கச் சொல்லுங்கள். எட்டெட்டு பாராகத் திரும்பச் சுற்றக்கூடியதாகவும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நிறுத்த வசதியாகவும் அமைத்துத் தரச் சொல்லுங்கள். அனுபவம் உள்ளவர் இதைக் கேட்காமலேயே செய்வார்.

மணமகளுக்கு முன்னால் குழந்தைகளோ தோழியரோ வருகிறார்கள் என்றால் அவர்களுக்குத் தனிப் பாட்டு வைப்பது நல்லது. ஒரு பாட்டு நின்று, ஒரு மூச்சு இடைவெளிவிட்டு, அடுத்தது தொடங்கும்போது எல்லோரும் தானாகவே வாசல் பக்கம் திரும்புவார்கள். ஒரே பாட்டில் எல்லோரும் வந்தால் அந்தத் திருப்பம் கிடைக்காது.

விருந்தினர் வரும் நேரத்துக்கு எத்தனை பாட்டு வேண்டும்?

பியானோவில் ஒரு பாட்டு சராசரியாக மூன்றரை முதல் நான்கு நிமிடம். அரை மணி நேரத்துக்கு எட்டு, முக்கால் மணி நேரத்துக்கு பன்னிரண்டு. நிகழ்ச்சி தாமதமாகும் என்று வைத்து இன்னும் நான்கைந்து கூடுதலாகச் சேருங்கள்.

கிராண்டா, அப்ரைட்டா, டிஜிட்டலா?

கிராண்ட் பியானோவில் கம்பிகள் படுத்திருக்கும். மூடியைத் திறந்து வைத்தால் பெரிய அறையை மைக் இல்லாமலே நிரப்பும். பேபி கிராண்ட் சுமார் 150 சென்டிமீட்டர் நீளம், 250 கிலோவுக்கு மேல் எடை. கச்சேரி கிராண்ட் 270 சென்டிமீட்டருக்கும் மேல் நீளும், எடை 500 கிலோவை ஒட்டி வரும். அப்ரைட்டில் கம்பிகள் நிமிர்ந்திருக்கும். 110 முதல் 130 சென்டிமீட்டர் உயரம், 200 கிலோவுக்கு மேல் எடை. ஸ்டேஜ் பியானோ எனப்படும் டிஜிட்டல் கருவி 12 முதல் 25 கிலோ. ஒருவரே தூக்கி வந்துவிடுவார்.

நூறு பேருக்கு மேல் கூடும் இடத்தில், கிராண்ட் ஏற்கனவே அங்கே இருந்தால் ஒழிய, நல்ல டிஜிட்டல் பியானோவே எங்கள் பரிந்துரை. கிராண்டை ஒருநாளுக்கு வாடகைக்கு எடுத்துவந்தால் வண்டி, ஆட்கள், வந்த பிறகு ட்யூனிங், திரும்ப எடுத்துப்போவது என்று கருவியின் வாடகையைவிடச் சுற்றுச் செலவு கூடிவிடும். கூட்டம் பேசும் சத்தத்தில் அந்த ஒலி வித்தியாசத்தை உணர்பவர்கள் மிகச் சிலர். கண்ணுக்குக் கிராண்ட் வேண்டும் என்பவர்களுக்காகக் கிராண்ட் வடிவ வெற்றுக்கூட்டுக்குள் டிஜிட்டல் கருவியைப் பொருத்தித் தருபவர்களும் உண்டு. அதில் தவறொன்றுமில்லை, புகைப்படத்தில் யாருக்கும் தெரியாது.

டிஜிட்டல் என்றால் 88 கட்டைகளும், விரலுக்கு எடை தெரியும்படியான விசைகளும் இருக்க வேண்டும். 61 கட்டை கொண்ட இலேசான கீபோர்டில் மெல்லிய வாசிப்பு கைகூடாது. அடியில் உள்ள ஆழமான சுரங்களும் இருக்காது. மடக்கும் எக்ஸ் வடிவ ஸ்டாண்டு தற்காலிக மேடையில் ஆடும். மேசை போல நான்கு கால் உள்ள ஸ்டாண்டைக் கேளுங்கள்.

மண்டபத்திலேயே ஒரு பியானோ இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

வாசிக்கப்போகிறவர் நேரில் வந்து பார்த்துச் சொல்லும்வரை ஆம் என்று சொல்லாதீர்கள். அலங்காரப் பொருளாக நிற்கும் பியானோக்கள் ஆண்டுக்கணக்கில் ட்யூன் செய்யப்படாமல் இருக்கும். பார்க்க வேண்டியவை: 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி, எதுவும் ஒட்டிக்கொள்கிறதா, ஊமையாக இருக்கிறதா என்று பார்ப்பது; வலது பெடலை விட்டதும் ஒலி சட்டென்று நிற்கிறதா என்பது; நடுப்பகுதியில் ஒரே கட்டையை அழுத்தினால் இரண்டு மூன்று கம்பிகள் தனித்தனியாக அலைவது போல் கேட்கிறதா என்பது. கடைசியாகச் சொன்னது ட்யூனிங்கில் தீரும். முதல் இரண்டும் பழுது. அன்று காலையில் வரும் ட்யூனரால் முடிகிற வேலையாக இல்லாமலும் போகலாம்.

எல்லாக் கட்டைகளும் சேர்ந்தே சுருதி இறங்கியிருக்கலாம். தனியாக வாசிக்கும்போது இது தெரியவே தெரியாது, வயலினோ பாடகரோ சேரும்போதுதான் தெரியும். அப்படி நிறைய இறங்கிய கருவியை ஒரே தடவையில் ஏற்றினால் நிற்காது. ஒரு முறை மொத்தமாக ஏற்றி, சில நாள் கழித்து நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டும். ஆகவே இரண்டு முறை ஆள் வர வேண்டியிருக்கும், குறைந்தது இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

ட்யூனிங்கை எப்போது வைத்துக்கொள்வது?

நிகழ்ச்சி நாளன்று, விருந்தினர் வருவதற்கு முன்னால், கருவி கடைசியாக நிற்கப்போகும் இடத்திலேயே. ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். சுமார் 230 கம்பிகளைக் காதால் ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேலை இது. பக்கத்தில் நாற்காலி இழுப்பதும் ஒலிபெருக்கி சோதிப்பதும் நடந்தால் ஆகாது. அந்த நேரத்தை அலங்காரக்காரருக்கும் ஒலி அமைப்பவருக்கும் முன்பே சொல்லிவையுங்கள். இதைச் சொல்லாததால்தான் பாதி ட்யூனிங்குகள் அரைகுறையாக முடிகின்றன.

இன்னொன்று. ட்யூன் செய்யும்போது ஏசியும் மேடை விளக்கும் நிகழ்ச்சியின்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும். பியானோவின் ஒலிப்பலகை மரம். காற்றில் ஈரம் கூடினால் அது உப்பிக் கம்பிகளை இழுக்கும், சுருதி ஏறும், உலர்ந்தால் இறங்கும். நேரடியாக விழும் விளக்கின் சூட்டில் கம்பி தளரும். ஏசி போடாத அறையில் காலையில் கச்சிதமாகச் சேர்த்த சுருதி, மாலையில் ஏசியும் விளக்கும் கூட்டமும் சேர்ந்தபின் அப்படியே இருக்காது. ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் ஏற்ற இறக்கமில்லாமல் இருப்பது கருவிக்கு நல்லது.

பியானோவை எங்கே நிறுத்துவது?

கிராண்டின் மூடி வாசிப்பவரின் வலப்பக்கம் திறக்கும். ஆகவே கூட்டம் அவருடைய வலப்பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஒலி சுவருக்குப் போகும், விருந்தினருக்கு மூடியின் முதுகுதான் தெரியும். அழகுக்காக மூடியின்மேல் பூச்சாடி வைப்பதாக இருந்தால் அதைத் திறக்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கருவிக்குள் தண்ணீர் சிந்தினால் என்ன ஆகும் என்று ட்யூனரிடம் கேட்டுப் பாருங்கள்.

வாசிப்பவரின் கண்ணுக்கு வாசல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவருக்குக் கைகாட்ட ஒருவர் வேண்டும். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

கிராண்டின் எடை மூன்று கால்களில் இறங்குகிறது. கச்சேரி கிராண்டில் ஒரு காலுக்கு 160 கிலோ அளவில் ஒரு சின்னச் சக்கரத்தின்மேல் நிற்கும். தற்காலிக மேடை என்றால் அமைப்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லி, சக்கரங்களுக்கு அடியில் தடித்த பலகை போடச் சொல்லுங்கள். அந்தச் சக்கரங்கள் கம்பளத்தின்மேல் தள்ளிக்கொண்டு போவதற்காக வைத்தவை அல்ல. தள்ளினால் கால் முறியும். டிஜிட்டலுக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் போதும், பாடகர் சேர்ந்தால் இன்னும் ஒரு மீட்டர்.

திறந்தவெளியில் நடக்கிறது. பியானோ சரிப்படுமா?

டிஜிட்டல் சரிப்படும். மர பியானோவுக்கு வெயிலும் ஈரக்காற்றும் ஆகாது. சுவரும் கூரையும் இல்லாததால் ஒலி திரும்பி வராது. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும். எப்படியும் ஸ்பீக்கர் வைத்தாக வேண்டும்.

நிழல் கட்டாயம். கறுப்புக் கருவி வெயிலில் தொட முடியாத அளவுக்குச் சுடும், திரை தெரியாது. இசைக்குறிப்பை டேப்லெட்டில் வைத்து வாசிப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு: நேர் வெயிலில் டேப்லெட் சூடேறித் தானாக அணைந்துவிடும். காகிதம் என்றால் காற்று புரட்டிவிடும். நல்ல இறுக்கமான கிளிப்புகள் நான்கு வேண்டும். மழை வந்தால் கருவி எங்கே போகும், யார் தூக்குவார்கள், அங்கே மின் இணைப்பு உண்டா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மின்சாரமும் ஸ்பீக்கரும் பற்றி நாங்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

டிஜிட்டல் பியானோவுக்குத் தேவைப்படும் மின்சாரம் மிகக் குறைவு. ஆனால் ஒரு விநாடி போய் வந்தாலும் கருவி அணைந்து மீண்டும் எழும். எழுவதற்குச் சில மாடல்களில் அரை நிமிடம்கூட ஆகும்; மாற்றிவைத்த சுருதியும் ஒலி வகையும் பழையபடி திரும்பிவிடும். ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் இதுதான் நடக்கிறது. சிறிய யூபிஎஸ் ஒன்று வைத்தால் தீர்ந்தது. அலங்கார விளக்குகள் செருகியிருக்கும் அதே இணைப்பில் பியானோவையும் செருகினால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வரலாம். டிஐ பாக்ஸ் (கருவிக்கும் ஸ்பீக்கர் அமைப்புக்கும் இடையில் வைக்கும் சிறிய இணைப்புப் பெட்டி) வழியாக இணைத்தால் பெரும்பாலும் அது போய்விடும்.

அடிக்கடி நடக்கும், ஆனால் அதிகம் பேசப்படாத மூன்று கோளாறுகள்:

பெடல் தலைகீழாக வேலை செய்வது. கருவியை ஆன் செய்யும்போது கால் பெடலின்மேல் இருந்தால், பல மாடல்கள் அழுத்திய நிலையையே இயல்பு நிலை என்று எடுத்துக்கொள்ளும். பிறகு காலை எடுத்தால் ஒலி நீளும், அழுத்தினால் நிற்கும். காலை எடுத்துவிட்டுக் கருவியை அணைத்து மீண்டும் ஆன் செய்தால் சரியாகிவிடும்.

தானாக அணைவது. பல டிஜிட்டல் பியானோக்கள் 30 நிமிடம் யாரும் வாசிக்காவிட்டால் மின்சாரத்தை மிச்சப்படுத்த அணைந்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும். நீண்ட வாழ்த்துரைக்குப் பிறகு, மணமக்கள் வெளியேறும் நேரத்தில் கைவைத்தால் சத்தமே வராது. அந்த அமைப்பை முன்பே நிறுத்தி வைக்க வேண்டும்.

குழிவிழுந்த ஒலி. இடது, வலது இரண்டு இணைப்புகளையும் எடுத்து, ஒலி அமைப்பவர் மிக்ஸரில் ஒன்றாகக் கலந்து எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலியாக அனுப்பினால் பியானோ வாளிக்குள்ளிருந்து கேட்பது போல ஆகிவிடும். கருவியில் மோனோ என்று குறித்திருக்கும் இணைப்பை மட்டும் எடுப்பது நல்லது.

எங்களுக்குப் பிடித்த பாட்டு பியானோவில் நன்றாக இருக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சொற்களை விட்டுவிட்டு மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். வார்த்தை இல்லாமலும் பாட்டு அடையாளம் தெரிந்தால் பியானோவில் நிற்கும். ஒரே சுரத்தில் நிறையச் சொற்களை அடுக்கிப் பேசுவது போல வரும் பாடல்கள் பியானோவில் ஒரே கட்டையைத் தட்டுவதாகத்தான் கேட்கும். தாள வாத்தியத்தின் துள்ளலில் நிற்கும் பாடல்களும் இளைத்துவிடும். அவற்றை வேகம் குறைத்து, மெல்லிசையாக மாற்றி வாசித்தால் சில சமயம் எதிர்பாராத அழகு வரும்.

பாட்டின் வரிகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். மெட்டு இனிமையாக இருக்கிறதே என்று தேர்ந்தெடுத்த பாட்டு பிரிவுத் துயரமாக இருக்கும். பியானோவில் சொல் கேட்காதுதான்; ஆனால் பாட்டு தெரிந்தவர்கள் மனதில் வரி ஓடும்.

கமகம் நிறைந்த ராகப் பாடல்களை வாசிக்க முடியுமா?

பியானோ ஒரு கட்டைக்கு ஒரு சுரம் என்று நிலையாக நிற்கும் கருவி. சுரத்தை அசைக்கவோ, ஒன்றிலிருந்து மற்றதற்கு இழுத்துப் போகவோ வழியில்லை. தோடி, சஹானா போன்ற ராகங்களில் அமைந்த பாடல்களின் உயிரே அந்த அசைவில் இருப்பதால், பியானோவில் எலும்புக்கூடுதான் மிஞ்சும். மோகனம், சங்கராபரணத்தின் நேரான பிரயோகங்கள் போன்றவை ஓரளவுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். கமகப் பாடல்தான் வேண்டும் என்றால் மெட்டை வயலினிடமோ குரலிடமோ கொடுத்துவிட்டு, பியானோவை அடியில் மெல்லத் துணைக்கு வைப்பதே மரியாதை.

மேற்கத்தியத் திருமணங்களில் வழக்கமாக வரும் இசையை வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் எது என்னவென்று தெரிந்து வையுங்கள். மணமகள் வரும்போது வாசிக்கப்படும் புகழ்பெற்ற மெட்டு, ரிச்சர்ட் வாக்னரின் ‘லோயன்கிரின்’ ஓபராவிலிருந்து வந்தது. 1850-இல் வைமரில் அரங்கேறியது. கதையில் அது திருமணம் முடிந்த பிறகு, மணமக்களை அறைக்கு அழைத்துச் செல்லும்போது பாடப்படுகிறது. அந்தத் திருமணம் நிலைப்பதுமில்லை. இது சிலருக்கு உறுத்தும், பலருக்கு உறுத்தாது. வெளியேறும்போது வாசிக்கப்படும் முழக்கம் மெண்டல்சன் 1842-இல் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுக்காக எழுதியது. 1858-இல் விக்டோரியா அரசியின் மூத்த மகள் திருமணத்தில் வாசிக்கப்பட்டபின் பரவலாகப் பிடித்துக்கொண்டது. இது எக்காளங்களுக்காக எழுதிய தொடக்கம் கொண்டது. சிறிய ஸ்பீக்கரில், மெல்லிய டிஜிட்டல் ஒலியில் வாசித்தால் பொம்மை போலக் கேட்கும்.

நுழைவுக்கு வாசிப்பவர்கள் பாஹெல்பெல்லின் ‘கேனன்’ இசையை விரும்புவதற்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது. எட்டுச் சுரம் கொண்ட ஒரே அடிநாதம் மூலத்தில் 28 முறை திரும்பத் திரும்ப வருகிறது. எந்தச் சுற்றின் முடிவிலும் நிறுத்தலாம். நடை நீண்டாலும் சுருங்கினாலும் கவலையில்லை. மூலம் மூன்று வயலின்களுக்கு எழுதியது என்பதால் பியானோவுக்கு யாருடைய வடிவத்தை வாசிக்கப்போகிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சில வடிவங்கள் தேவைக்குமேல் சர்க்கரை சேர்த்தவை.

வழிபாட்டுத் தலத்தில் திருமணம் என்றால் சில இடங்களில் வழிபாட்டு இசை தவிர வேறு கூடாது என்ற விதி இருக்கும். பட்டியல் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பாடகரோ வயலினோ சேர்ந்தால் என்ன மாறும்?

சுருதி. பாடகர் “எனக்கு ஐந்தரைக் கட்டை” என்பார். இங்கே கட்டை என்பது பியானோவின் கட்டை அல்ல, அவர் பாடும் சுருதியின் எண். பியானோக்காரருக்கு அது மேற்கத்தியப் பெயரில் ஜி ஷார்ப். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு என்றால் டி, நாலரை என்றால் எஃப் ஷார்ப். யார் எந்தச் சுருதியில் என்பதைப் பாட்டுவாரியாக எழுதிக் கொடுங்கள். டிஜிட்டலில் ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியை மாற்றலாம். மர பியானோவில் விரல்தான் மாற வேண்டும், அதற்குப் பயிற்சி நேரம் தேவை. பொத்தானால் மாற்றுபவர்கள் அடுத்த பாட்டுக்கு முன் பழையபடி மாற்ற மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. முதல் சுரத்திலேயே வயலினும் பியானோவும் மோதிக்கொள்ளும்.

சேர்ந்து ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் பாட ஆசைப்பட்டால் அவருக்கு இரண்டு முறை. மேடைப் பதற்றத்தில் வேகம் கூடும் என்பதை வாசிப்பவர் முன்பே பார்த்துவைத்துக்கொள்ள அது உதவும்.

நல்ல கலைஞரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மெருகேற்றிய ஸ்டூடியோப் பதிவை நம்பாதீர்கள். ஏதேனும் ஒரு நிகழ்ச்சியில் கைபேசியில் எடுத்த, வெட்டாத ஐந்து நிமிட வீடியோ கேளுங்கள். அதில் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு எப்படிப் போகிறார் என்று பாருங்கள். தடங்கலின்றி, சுருதியை மெல்ல மாற்றி வழுக்கிக்கொண்டு போகிறவர் பழகிய கை. ஒவ்வொரு பாட்டுக்கும் நிறுத்திக் காகிதம் தேடுபவர் நல்ல வாசிப்பாளராக இருக்கலாம், ஆனால் திருமணத்துக்கு இன்னும் தயாராகவில்லை.

பிறகு மூன்று கேள்வி போதும். காதால் கேட்டு வாசிப்பீர்களா, குறிப்பு வேண்டுமா? மணமகள் ஐந்து நிமிடம் தாமதித்தால் என்ன செய்வீர்கள்? உங்களால் வர முடியாமல் போனால் யார் வருவார், அவருடைய வாசிப்பை நாங்கள் கேட்கலாமா? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணி நேரம் தொடர்ந்து வாசிப்பார்?

45 முதல் 50 நிமிடம் வாசித்து, 10 முதல் 15 நிமிடம் இடைவேளை. இடைவேளையை வாழ்த்துரை நேரத்தில் வருமாறு வைத்தால் யாருக்கும் தெரியாது. மூன்று மணி நேரத்துக்குமேல் என்றால் இரண்டாவது ஆள் வைப்பதுதான் நியாயம்.

ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

வருகை நேரம், வாசிக்கத் தொடங்கும் நேரம், முடியும் நேரம் மூன்றையும் தனித்தனியாக. இரண்டு மணிக்கு ‘வரச்சொன்னோம்’ என்பதில்தான் சண்டையே. கருவி யாருடையது, ஸ்பீக்கரும் ஒலிக்கம்பிகளும் யார் கொண்டுவருவது, ட்யூனிங் செலவு யாருடையது, கூடுதல் நேரத்துக்கு அரைமணிக்கு எவ்வளவு, புதுப் பாட்டை அமைத்துத் தரத் தனிக் கட்டணம் உண்டா, நாள் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பவையும் வேண்டும். குறிப்பே கிடைக்காத பாட்டை வாசிக்கச் சொன்னால் குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள்.

கைகாட்டுவது யார்?

ஒரே ஒருவர். மணமக்களின் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ வேண்டாம். அவர்கள் அந்த நேரத்தில் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிகழ்ச்சியை நடத்துபவர் அல்லது நிதானமான ஒரு நண்பர் சரி. வாசலையும் பியானோவையும் ஒரே பார்வையில் பார்க்கக்கூடிய இடத்தில் அவர் நிற்க வேண்டும். இரண்டு சைகை போதும்: கையை உயர்த்தினால் ‘தயாராகுங்கள்’, இறக்கினால் ‘தொடங்குங்கள்’. முடிவுக்குச் சைகை தேவையில்லை. எந்த இடத்தை அடைந்ததும் பாட்டை முடிக்க வேண்டும் என்று தரையில் ஓர் அடையாளம் பேசிவைத்துக்கொள்ளலாம். நடந்து வருபவர் அந்த இடத்தைத் தொட்டதும் வாசிப்பவர் நடக்கும் சுற்றை முடித்துக்கொள்வார்.

கைபேசியில் செய்தி அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வாசிப்பவருக்கு இரண்டு கையும் கட்டையின்மேல் இருக்கும்.

விருந்தின்போது ஒலி எவ்வளவு இருக்க வேண்டும்?

ஸ்பீக்கருக்கு மிக அருகில் உள்ள மேசையில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள். முடிந்தால் சரி. கைபேசிச் செயலியில் அளந்தால் அந்த மேசையில் சுமார் 65 டெசிபலுக்குள் நிற்க வேண்டும்; இயல்பான பேச்சே சுமார் 60. ஒரு பெரிய ஸ்பீக்கரை அலறவிடுவதைவிட இரண்டு மூன்று சிறியவற்றை மெதுவாக வைப்பது மேல். வயதானவர்களின் மேசையை ஸ்பீக்கருக்கு எதிரே போடாதீர்கள்.

விருந்தினர் பாட்டுக் கேட்டால் வாசிக்கலாமா?

விருந்து நேரத்தில் மட்டும். சடங்கு நேரத்தில் யார் வந்து கேட்டாலும் மறுத்துவிட வேண்டும் என்று வாசிப்பவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் சங்கடப்படுவார். ‘இவை வேண்டவே வேண்டாம்’ என்று ஐந்தாறு பாடல்களையும் எழுதிக் கொடுங்கள்.

வீடியோவை இணையத்தில் ஏற்றும்போது இசைக்குச் சிக்கல் வருமா?

வரலாம். காப்புரிமை உள்ள பாட்டை நேரில் வாசித்திருந்தாலும் மெட்டு அடையாளம் காணப்பட்டு, வீடியோவின் ஒலி முடக்கப்படவோ உரிமை கோரப்படவோ வாய்ப்புண்டு. பொதுவில் வாசிப்பதற்கான உரிம விதி நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் மண்டபமே உரிமம் வைத்திருக்கும், கேட்டுவிடுங்கள். வீடியோ எடுப்பவரிடம் மிக்ஸரிலிருந்து நேரே ஒலியை எடுக்கச் சொல்லுங்கள். கேமரா மைக்கில் பியானோவைவிட இருமல்தான் தெளிவாகப் பதியும்.

கடைசி வாரத்தில் கலைஞருக்கு என்ன அனுப்ப வேண்டும்?

ஒரே ஒரு பக்கம். கட்டங்கள், நேரம், பாட்டு, அதில் எந்தப் பதிவின் எந்த நிமிடத்திலிருந்து தொடங்க வேண்டும், சுருதி, கைகாட்டுபவரின் பெயரும் எண்ணும், கருவி நிற்கும் இடத்தின் புகைப்படம், வண்டி நிறுத்த எங்கே, லிஃப்ட் உண்டா படியா. அனுப்பிய பிறகு ஏதாவது மாறினால் திருத்தத்தை மட்டும் தனிச் செய்தியாகப் போடாமல் முழுப் பக்கத்தையும் தேதியோடு மறுபடி அனுப்புங்கள். மூன்று திருத்தச் செய்திகளில் எது கடைசி என்று அன்று காலையில் யாருக்கும் தெரியாது.